ஒரு மீட்டர் அறுபத்தொன்று

கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே கோப்பை,
இன்னொரு கையால் சுவரில் பென்சில் கோடு இழுத்தார் மருத்துவர்.
"ஒரு மீட்டர் அறுபத்தொன்று."
"பூட்ஸோடா?" என்றார் பயிற்சியாளர்.
"பூட்ஸோடுதான்."
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

பெயர் யமந்தூ. தக்வாரெம்போவிலிருந்து
இரவுப் பேருந்தில் மொன்டேவிடியோ வந்தவன்.
முப்பது மீட்டர் ஓடச் சொன்னார்கள்.
ஓடி முடித்ததும் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள்,
பழுதாகியிருக்கும் என்று.
மறுபடி ஓடச் சொன்னார்கள்.
பழுது இல்லை.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.
எபர். தடுப்பாட்டக்காரன். தொண்ணூற்றிரண்டு கிலோ.
இரண்டாம் பிரிவில் பதினோரு வருடம்
முன்னால் வருகிறவனை நிறுத்திவைப்பதே பிழைப்பு.
பயிற்சியாளர் என் காதில் சொன்னது ஒரே சொல்:
"இடி."

கடுகு, காரம் என்று
எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.
கடுகை யாரும் தோளால் இடிப்பதில்லை.

முதல் பந்தில் அவன் போய்விட்டான்.
சந்துக்குள் லாரி திரும்புவதுபோல
நான் திரும்பி முடித்தபோது
பந்து வலைக்குள் கிடந்தது.
இரண்டாவதில் தோளைக் கொடுத்தேன்.
பறந்தான்.
சேற்றில் குப்புற விழுந்து, எழுந்து,
நாக்கால் பல்லை ஒவ்வொன்றாய் எண்ணிவிட்டு
கோட்டுக்குப் போய் நின்றான்.
மூன்றாவதில் நான் இடித்தது காற்றை.
விழுந்தது நான்.

பொய் சொல்ல மாட்டேன்.
அன்று பத்துக்கு ஆறு முறை விழுந்தவன் அவன்தான்.
மூலையிலிருந்து வந்த பந்துகளோ
விமான நிலையமில்லாத ஊரின் மேல் விமானம்போல
அவன் தலைக்கு மேலே
வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன.

உடைமாற்றும் அறையில்
விலாவைத் தடவிக்கொண்டே கேட்டான்:
"இடது முழங்கால் வலிக்கிறதா?"
என் மனைவிக்கும் தெரியாது அது.
"இடிக்கப் போகும்முன் அதை லேசாக மடிக்கிறாய்.
மூன்றாவது பந்தில்தான் கவனித்தேன்."
சாக்ஸைப் பிழிந்தான்.
"உன் முகத்தை நான் பார்ப்பதேயில்லை.
எட்டாது."

ஒரு வருட ஒப்பந்தம்.
வாடகையும் சாப்பாடும் போக
பழைய ஸ்கூட்டருக்குத் தவணை கட்டலாம்.
அதைவிட அவனே வேகம் என்று கேலி செய்தோம்.
ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம்,
எதிரிகளின் கால் கனத்தபிறகு,
அவனை அவிழ்த்துவிடுவார்கள்.
ஜூலை மழையில் இரண்டு பெனால்டி வாங்கித் தந்தான்.
ஆகஸ்டில் ஒரு விலா எலும்பைக் கொடுத்தான்.

பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் வந்தார் ஒருநாள்,
குடைக்குள் குறிப்பேட்டோடு.
அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன்
(எனக்கு எட்டும்).
வேகத்துக்கு எதிரே ஆச்சரியக்குறி.
உயரத்தைச் சுற்றி வட்டம்.
ஆட்டம் முடியும்முன் எழுந்து போய்விட்டார்.
அந்த வட்டம் என்ன சொன்னது?
யமந்தூவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

தேறுவானா என்று என்னிடம் கேட்கிறார்கள்,
முடிதிருத்துபவர், மைத்துனன், பெட்ரோல் போடுகிற பையன்.
தெரியாது என்கிறேன்.
பதினோரு வருடம், நல்ல உயரம்,
நான் தேறினேனா?

இன்று நான் பெஞ்சில்.
முழங்காலில் ஐஸ் கட்டியிருக்கிறேன்,
இப்போது எல்லோருக்கும் தெரியும்.
எழுபத்தெட்டாவது நிமிடம்
பலகையில் அவன் எண் எரிகிறது.
எதிரே நிற்பவன் புதியவன், என்னைவிட நெட்டை,
கீழே பார்த்து நண்பனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான்.

யமந்தூ அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.
பந்து வருகிறது.
வலது முழங்கால், நான் முணுமுணுக்கிறேன்,
இவனுக்கு வலது,
சொல்லி முடிப்பதற்குள்