நாலு நூல்

எங்கள் கம்பெனியில் நூல் என்றால் கவுண்ட்,
முப்பது, முப்பத்திநாலு.
திருமுருகன்பூண்டிப் பட்டறையில் நூல் என்றால்
அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.
இந்த மாதிரி சங்கதிகளைச் சொல்லிக் கொடுக்கத்தான்
ஆர்டர் இல்லாத அந்தச் சித்திரையில்
நாளுக்கு ஆயிரத்து இருநூறு எனக்கு.

இல்ஸே லாட்வியாக்காரி.
முப்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருந்த பல் டாக்டர்.
அறுபத்தொன்றில் இருபத்தெட்டு நாள் வகுப்பு:
ஊத்துக்குளிக் கல், ஓரடிச் சதுரம்,
அதில் எட்டிதழ்த் தாமரை.
மேலே தகரம், அதற்கு மேலே அக்கினி நட்சத்திரம்.
பக்கத்தில் அமெரிக்கக் கோவில் ஒன்றுக்கான தூண்கள்
கிரைண்டரில் அலறும்.
நான் இன்னும் சத்தமாக மொழிபெயர்ப்பேன்.

சென்னியப்பனுக்கு இருபத்தாறு.
ஒன்பது நாள் பூவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.
"மட்டம் வரோணுமுங்க, அப்புறந்தான் மத்ததெல்லாம்."
இல்ஸே ரசமட்டம் வைத்தாள்,
குமிழி நடுவில் நின்றது.
அவன் உள்ளங்கையை வைத்தான்.
"இல்லீங்க."

ஒருநாள் போகிற போக்கில்
பக்கத்துக் கல்லைத் தட்டிவிட்டு
சொத்தை என்றாள்.
தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள்.
எல்லாம் காய்ந்த பிறகும்
மயிரிழையாக ஒரு கோடு ஈரமாகவே கிடந்தது.
அன்று அவளுக்கு மட்டும் இரண்டு வடை.

பதினேழாம் நாள், ஐந்தாம் இதழின் நுனி.
உளியை அவள் பிடித்த பிடியில்
விரல்கள் வெளுத்திருந்தன.
"விட்டுப் புடிக்கச் சொல்லுங்கக்கா" என்றான்.
என் ஆங்கிலத்தில் முதல் பாதிதான் வந்தது.
விடு.
விட்டாள்.
சுத்தி அப்போது பாதி வழியில் இருந்தது.

தெறித்தது அரிசி நொய் அளவுதான்.
அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
தப்பு அங்கே எங்கோ ஒட்டியிருப்பதுபோல.
அவனிடம் ஸாரி சொன்னாள். கல்லிடமும் சொன்னாள்.
நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்,
குடிக்காமல் மூடினேன்.
பையருக்கு மெயில் எழுதிப் பழகிய கை இது:
கலர் மாறியதா, சாயப்பட்டறையைக் கேளுங்கள்,
எங்கள் பக்கம் எல்லாம் சரி.

அலமாரியில் பசை இருந்தது.
சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி,
"நாலு நூல் இறக்கீரலாமுங்க."

முழுப் பூவையும்.
உடையாத ஏழு இதழ், நடுப்பொகுட்டு, தளம்,
ஒரு நொய்க்காக எல்லாமே அரை அங்குலம் கீழே.
இந்த முறை ஒரு சொல் சிந்தாமல் சொன்னேன்,
மில்லிமீட்டர் கணக்கோடு.
அவள் மீதி நாளை விரலில் எண்ணினாள்.
பத்து விரல் போதவில்லை, ஒன்று அதிகம்.
உளியை எடுத்தாள்.

மறுநாள் அவன் டீக்குப் போனபோது சொல்லிவிட்டேன்.
அவன் சொன்னது விடு இல்லை, விட்டுப் பிடி.
"எது முதலில்?"
முதல் என்று ஒன்று இல்லை.
மாட்டுக்குக் கயிறு கொடுப்பதுபோல என்று சொல்ல வந்து,
மாடே பிடித்தறியாதவள், நிறுத்திக்கொண்டேன்.
"ஓ" என்றாள், "பல் பிடுங்குவதுபோல."
கோபமே இல்லை.
அதுதான் சுட்டது.

கடைசி நாளில் ஆறு இதழ் முடிந்திருந்தது.
இரண்டு வெறும் காவிக்கோடு.
எங்கள் கம்பெனி பனியன் வேஸ்ட்டில் சுற்றி
எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே கட்டினேன்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இருபத்திமூன்று கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள்.
தராசு இருபத்திரண்டு புள்ளி எட்டில் நின்றது.
இறக்கிய நாலு நூல் மூன்று கிலோவாவது இருக்கும்
என்று மனசு கணக்குப் போட்டது.
போடாதே என்றேன் அதனிடம்.

கவுன்ட்டர் பெண் பெட்டியைத் தட்டி
உள்ளே என்ன என்றாள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
இல்ஸே சொன்னாள்:
"பூவுங்க."