நான்கு துளைகள்

முன்னே ஒற்றைச் சக்கரம், பின்னே இரும்புப் பட்டைகள்.
பாதி மோட்டார் சைக்கிள், பாதி டாங்கி.
ஜெர்மன்காரன் விட்டுப்போன அந்த வண்டி
போர்சாங்கர் ஃபியோர்டின் கரையில்
படகுகளை மேட்டுக்கு இழுத்தே
இருபது வருடம் ஓட்டியது.
பிறகு அதையும் யாரோ கழற்றினார்கள்.
மூக்கறுந்து கிடந்ததை
பழுது பார்த்த படகு எஞ்சின் ஒன்றைக் கொடுத்து
மாற்றி வாங்கினேன்.

ஹென்னிங் கூட்டுக்கு வந்தான், ஒரே நிபந்தனையோடு:
எல்லாம் அசல், கடைசித் திருகாணி வரை.
இப்போது வார்த்து விற்கிற பிரதி எதுவும்
கொட்டகைக்குள் வரக்கூடாது.

ஆகவே வீடு வீடாகக் கேட்டோம்.
நாற்பத்து நான்கின் இலையுதிர்காலம் அது.
போகிறவர்கள் சும்மா போகவில்லை,
கூரை கூரையாகக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.
திரும்பிவந்த சனம் சாம்பலில் நின்று
கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டது.
யார் குற்றம் சொல்ல முடியும்?
முன் ஃபோர்க் மீன் காயும் பரணுக்கு
முட்டுக்கொடுத்து நின்றது.
பெட்ரோல் தொட்டியில் ஒருத்தி
காட்டுப்பழச் சாறு ஊற்றி வைத்திருந்தாளாம்,
குடித்தவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.
பட்டையின் பதினோரு கண்ணிகள் கடலடியில்
யாருடைய தோணிக்கோ நங்கூரம்.
நீர் வடிந்த விடிகாலையில்
இடுப்பளவு இறங்கி எடுத்தேன்.
கால்கள் திரும்பி என்னுடையவையாக
மத்தியானம் ஆயிற்று.

கண்ணிக்கு உள்ளே பேரிங்குகள், ஊசி ஊசியாய்.
ஒன்று கைதவறினால்
அன்றைய மாலை தரையோடு போயிற்று.
இரண்டு குளிர்காலம் இப்படி.

கடைசியில் பாக்கி ஒன்றுதான்:
வண்டி எண் பொறித்த தகடு.

தபால் பேருந்து ஓட்டும் சோல்பியோர்க் சொன்னாள்,
"எங்கள் வீட்டில் இருக்கிறது. வந்து பார்."

சுவரில் தேடினேன். அலமாரியில் தேடினேன்.
"உன் காலடியில்" என்றாள்.

எரிந்த இடத்திலேயே மறுபடி வீடு கட்டியபோது
அவள் அப்பா நிலைப்படியின் நடுவில்
எழுத்து மேலே தெரிய அதைப் பதித்திருக்கிறார்.
வருகிறவன் போகிறவன் மிதிக்கட்டும் என்று.
எழுபது வருடச் சேற்றுப் பூட்ஸ்.
பாதிரியாரின் செருப்பு,
சோல்பியோர்க்கின் முதல் நடை,
அப்பாவைத் தூக்கிப் போன எட்டுக் கால்கள்.
தொழிற்சாலையின் பெயர் முழுக்கத் தேய்ந்துவிட்டது.
டார்ச்சைச் சாய்த்து, கட்டைவிரலால் தடவி,
எண்ணை எண்ணாக எழுத்துக் கூட்டினேன்.
சட்டத்தில் இருந்த அதே எண்.

"வேண்டுமென்றால் எடுத்துக்கொள்,
நான் தடுக்கவில்லை. ஆனால் நீயே கழற்று"
என்றவள் காப்பி போட உள்ளே போனாள்.

மண்டியிட்டேன்.
நான்கு மூலையிலும் பித்தளைத் திருகாணி.
ஜெர்மன் சரக்கு இல்லை,
எங்கள் ஊர்ப் படகில் போடுகிறது.
முதலாவது சுலபமாக அரைச் சுற்று கொடுத்தது.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
அசல் என்றால் எந்த நாளின் அசல்?
ஹென்னிங்கிடம் கேட்டால் பதில் வைத்திருப்பான்.
அரைச் சுற்றை அதே பக்கம் திரும்ப முறுக்கினேன்.
எழுந்து, தகட்டில் நன்றாகக் கால் துடைத்து
காப்பிக்குப் போனேன்.

ஹென்னிங் ஒன்பது நாள் பேசவில்லை.
பத்தாம் நாள் கார்புரேட்டரோடு வந்தான்,
அப்போதும் பேசவில்லை.

ஜூன் மாதம், சூரியன் மறையாத ராத்திரி.
கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள் கழன்றபின்
பதினேழாவது சுற்றில் இருமி,
நீலப்புகை கக்கி, நின்று,
மறுபடி இருமி ஓடியது.
ஹென்னிங் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும்
அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.
தகடு எங்கே?
உபயோகத்தில் இருக்கிறது என்கிறேன்.

ஒருநாள் சோல்பியோர்க் பேருந்தை ஓரங்கட்டினாள்,
பயணிகள் மூன்று பேர் காத்திருக்க.
வண்டியைச் சுற்றிவந்தாள். எதையும் தொடவில்லை.
காலியான நான்கு துளைகளின் முன் குனிந்து
ஒன்றின் மேல் சுண்டுவிரலை வைத்து அளவு பார்த்தாள்.
"எங்கள் திருகாணி இதில் சேராது"
என்றுவிட்டு
ஏறிக் கதவை மூடிக்கொண்டாள்.