ஒரு சொல்லின் விலை

அவெய்ரு நகரம், வாய்க்கால் ஓரம், செய்தித்தாள் அலுவலகம்.
சிறு விளம்பரங்களுக்குச் சொல் எண்ணிக் காசு வாங்குபவள் நான்.

உப்பளத்து ஈரம் காயாத காலணிகளோடு
ஜெர்வாசியு வந்து சீட்டை நீட்டினான்:
தெவொல்வேர்-தெ-எய் அ ஷாவ்.
உனக்குத் திருப்பித் தருவேன், சாவியை.

பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே
'உனக்கு' ஒண்டிக்கொண்டிருந்தது,
இருவர் இருக்கையில் மூன்றாவது ஆள் போல.

யார் இப்படிப் பேசுகிறார்கள் இன்று?
எல்லோரையும் போல 'வோ' போட்டு எழுதேன், என்றேன்.
"வோ என்றால் போகிறேன்.
நான் எங்கும் போகவில்லையே."
பிறகு, காசைத் துழாவியபடி:
"அதோடு, இது ஒரே சொல்தானே?"

விரல் மடக்கினேன். தெ, வொல், வேர், தெ, எய்.
ஐந்து அசை. இரண்டு சிறுகோடு. ஒரு சொல்.
விதி அவன் பக்கம்.

இரவு, அச்சுக்கு முன் பார்த்தால்
பத்தி குறுகல்; சொல் கோட்டருகே முறிந்து கிடந்தது.
அங்கே முறிந்தால்
மேல்வரி முடிவில் இட்ட கோட்டைக்
கீழ்வரி தொடக்கத்திலும் இட வேண்டும்.
இட்டேன்:

தெவொல்வேர்-
-தெ-எய்

இரு கரையிலிருந்தும் நீட்டிய பலகை.
நடுவில் தண்ணீர்.

வியாழனன்று தொலைபேசியில் ஒரு பெண்.
பெயர் சொல்லவில்லை.
"குவார்த-அ. அவ்வளவுதான்."

வைத்துக்கொள் அதை.
'அதை' இங்கே வினைக்கு வெளியே, கடைசியில்,
வெறும் ஓர் உயிரெழுத்து.

ஒற்றைச் சொல் விளம்பரம் எடுப்பதில்லை அம்மா,
குறைந்தது மூன்று வேண்டும், என்றேன்.

"அப்படியானால்
மூன்று தடவை போடுங்கள்."