அரைப்புள்ளி

பழைய வீட்டுக்கடன் கட்டுகளை எடைக்குப் போடச் சொல்லி
மதுரையிலிருந்து உத்தரவு.
மறுத்தவற்றை முதலில்.

காரைக்குடி கிளை, சனிக்கிழமை, மதியம் மூன்று.
விசிறி இல்லாத அறையில்
நானும் ஒரு பின் பிடுங்கியும்.

அறுபத்தெட்டு. அப்போது இது நிதி,
பேங்க் ஆனது பிற்பாடு.
கழனிவாசல் ரோட்டில் மூன்று சென்ட்,
மனுதாரர் சேவுகன், பஸ் கம்பெனி கண்டக்டர்,
கேட்டது ஆறாயிரம்.
பச்சை மையில் குறுக்கே ஒரே வரி:
ஆள் தெரியாதவர்.
தினம் முந்நூறு பேருக்குச் சீட்டுக் கிழித்த ஆள்.
ஈடு வைக்க மண் இருந்தது, சம்பளம் இருந்தது.
யார் வீட்டுக் கல்யாணத்தில்
எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்பதற்கு
அத்தாட்சி இல்லை.

எண்பத்துமூன்று.
அடைக்கலமேரி, பள்ளி ஆசிரியை,
புருஷன் ரேடியோ ரிப்பேர்.
ஓரத்தில் பென்சில் கணக்கு:
அவள் சம்பளத்தைப் பாதியாக்கி
அந்தப் பாதியையும் அடித்துவிட்டு,
வயது இருபத்தாறு, பிள்ளைப்பேறு வாய்ப்பு.
உண்டாக மாட்டாள் என்று
டாக்டர் சான்று கேட்டிருக்கிறார்கள்.
கட்டில் சான்று இல்லை.
இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.
அவள் கொடுக்கவே இல்லை என்று உறுதியானதும்
ஏனோ ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

பிறகு ஜாமீன் காலம்.
இரண்டு பேர் வேண்டும், இருவரும் அரசு ஊழியர்,
இருவரும் வேறு எவனுக்கும்
கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.
தேவகோட்டையில் அப்படி ஒருவரைத்
தேடிப் பிடிக்கப் பதினோரு மாதம்.
அதற்குள் சிமெண்ட் விலை ஏறிவிட்டது.
வேண்டாம் என்று மனுதாரரே எழுதிக் கொடுத்திருக்கிறார்,
அழகான கையெழுத்தில்.

இரண்டாயிரத்து ஏழுக்கு
மறுப்புக் கட்டே இல்லை.
அந்த வருடம் கழுத்தில் டை கட்டிய பையன்கள்
பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
கிளாஸ் ஈரத்தின் மேலேயே கையெழுத்து வாங்கினார்கள்.
சம்பளச் சீட்டை ஜெராக்ஸ் கடையே அடித்துக் கொடுத்தது.
யாரும் யாரையும் கேட்கவில்லை,
எந்தப் பந்தி, எத்தனை பிள்ளை.
அந்தக் கோப்புகள் இங்கே கிடைக்காது.
மாடியில் இருக்கின்றன,
ஏல அலமாரியில்.

இப்போது கோப்பும் இல்லை.
ஓர் எண், திரையில், நாலு நொடியில்.

செவ்வாய்க்கிழமை சிராஜ்நிஷா வந்திருந்தார்.
புதுவயலில் இட்லி மாவு வியாபாரம்,
பதினான்கு வருடமாக மூன்றாம் தேதி வாடகை,
சீட்டுப் பணத்தில் ஒரு தவணை தவறியதில்லை,
யாரிடமும் ஒரு ரூபாய் கைமாற்று இல்லை.
திரை சொன்னது: மைனஸ் ஒன்று.
தப்பு ஒன்றும் இல்லை என்றேன்,
வரலாறு இல்லை, அவ்வளவுதான்.
நகையை வைத்து ஒரு கடன் வாங்கிக் கட்டுங்கள்,
ஆறு மாசம் கழித்து வாருங்கள்.

கடன் வாங்காம இருந்ததுக்கு
கடன் வாங்கிக் காட்டணுமா?

ஆமாம் என்றேன்.
பயிற்சியில் சொல்லித் தந்த அதே குரலில்.

அவர் சிரித்தார். வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபம்.

புள்ளி எங்கள் பக்கம் பழைய வார்த்தை.
ஊர்க்கோயில் வரிக்கு
புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு புள்ளி.
அவர் போன மாசியிலிருந்து
பள்ளத்தூர் நோட்டில் நான் அரை.
வரியும் அரைதான், சலுகை என்கிறார்கள்.
வாங்கிய ரசீதை மடித்து வைத்திருக்கிறேன்.
மற்றவர்களின் முப்பது லட்சத்துக்கு
என் கையெழுத்து முழுசாகச் செல்லும்.

ஐந்து மணிக்கு எடைக்கடை ஆள் வந்தார்.
சேவுகன், அடைக்கலமேரி,
அழகான கையெழுத்துக்காரர், இன்னும் பலர்,
எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு கிலோ.
தராசில் குத்திய முத்திரையில்
வருடம் தேய்ந்திருந்தது.
எப்போது சரிபார்த்தது என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் அதற்குள்
நோட்டை எண்ணத் தொடங்கிவிட்டார்.