வள்ளத்துக்குப் பேர்

முன்னுக்கிருந்து வாசித்தாலும்
பின்னுக்கிருந்து வாசித்தாலும்
ஒரே பேராய் இருக்கவேணும் என்றேன்,
போனபடியே திரும்பிவர.

கிண்ணியா ஜவாகிர் பெயின்ட் டப்பாவைக் கலக்கியபடி
‘மேகமே’ என்றார்.
கடலில் நின்று அதையா கூப்பிடுவது?
‘மாறுமா.’ காற்றிடமா கேட்க?
‘திகதி.’
ஐயோ, கடன் தவணை.

பிறகு தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு
மெல்லச் சொன்னார்:
‘தேடாதே.’
எழுத்தெழுத்தாய்த் திருப்பிப் பார்த்தேன்.
பிசகில்லை.
திருமலையில் அந்தப் பேரோடு
ஒரு வள்ளமும் இறங்காது.

மகள் பேரையே எழுதினோம்,
துஷானி.
துறைமுகத்துப் பொடியள்
பின்னுக்கிருந்து வாசித்து
‘னிஷாது, னிஷாது’ என்று கத்துகிறார்கள்.

அதற்கும்
திரும்பிப் பார்க்கிறாள்.