பதினேழு பாகை

ஆற்றங்கரைக் கரும்பலகையில்
சோக்கட்டியால் எழுதியிருந்தது: பதினேழு.
நேற்றைவிட ஒன்று குறைவு.
சட்டை, சப்பாத்து, வீட்டுத் திறப்பு எல்லாம்
தண்ணீர் புகாத பைக்குள் சுருட்டி
இடுப்பில் கட்டிக்கொண்டேன்.
ஐம்பத்திரண்டு வயது.
முழங்காலுக்கு மேலே வெயில் கண்டிராத தோல்.

இந்த நீச்சலுடுப்பு
மூன்று கோடை அலுமாரியில் கிடந்தது,
விலைச்சீட்டோடு.
நாலு பேர் என்ன சொல்லுவினம்.

யார் அந்த நாலு பேர்?
ஆஸ்பத்திரிச் சலவையறையில் ஓர் இரவு
படுக்கைவிரிப்பு மடித்தபடி எண்ணிப் பார்த்தேன்.
மூன்றுக்கு மேல் பெயர் வரவில்லை.
நாலாவதாக என்னையே போட்டுத்தான்
கணக்கை நிரப்பினேன்.

கடைசியில் தூக்க நாலு பேர் வேணுமே
என்பாள் சிவலோகா.
பேர்ன் நகரத்தில் பெட்டியைச்
சில்லு வைத்த வண்டியில் தள்ளுகிறார்கள்.
ஓர் ஆள் போதும்.

இறங்கினேன்.
குளிர் முதலில் கணுக்காலைக் கேட்டது,
பிறகு வயிற்றை,
பிறகு கேளாமலே எடுத்துக்கொண்டது.
ஆரே ஆள்பார்த்து இழுப்பதில்லை.
வங்கி முகாமையாளர், பள்ளிக்கூடப் பொடியன், நான்,
வெறும் தலைகளாக ஒரே வேகத்தில் போனோம்.
காதைத் தாழ்த்தினால்
அடியில் கூழாங்கற்கள் உரசும் சத்தம்,
யாரோ ஓயாமல் அரிசி களைவதுபோல.

நடைபாலத்தில் சேலைகள்.
வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்கள்.
சிவலோகாவின் ஊதாக் குடையை
எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.
எண்ணினேன். ஐந்து பேர்.

மல்லாந்து மிதக்கிறவள்
முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்?
மூழ்கலாம்.
எவ்வளவு நேரம்?
கையைத் தூக்கிக் காட்டினேன்.
அவர்கள் முகத்தில் இருந்ததை வாசிக்க
ஆறு அவகாசம் தரவில்லை.

கரையேறும் சிவப்புக் கம்பி
முதலாவது தவறியது, இரண்டாவதும்.
மூன்றாவதில் தோள் இழுபட ஏறினேன்.
முழங்காலில் சிராய்ப்பு. பல் கிட்டியது.
உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்த ஒருத்தி
நிமிர்ந்தும் பாராமல்
துவாயை இழுத்து எனக்கு இடம் விட்டாள்.

இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசி.
சுகம் விசாரிப்பு இல்லை.
பின்னணியில் குழாய்த் தண்ணீர் ஓடியது,
மனுசனுக்குக் கேளாமல் இருக்கத்
திறந்துவிட்டிருப்பாள்.

"எல்லாரும் பாத்தவை."
"ஓம்."
"குளிரேல்லையே உனக்கு?"
"குளிர்ந்தது."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

"நாளைக்குப் பதினெட்டாம்" என்றேன்.