ரெண்டாவது குழி

எழுபத்தெட்டு மீட்டர் உயரத்தில்
இடுப்புவார் இழுக்க நின்றபடி
கியர் ஆயில் கசிவைப் படமெடுக்கப் போனேன்.
இடமில்லை என்றது போன்.

பணகுடி வரை வெட்டவெளி.
ஒரு பக்கம் மகேந்திரகிரி,
மறுபக்கம் கடலாக இருக்கலாம் என்று
தோன்றும் ஒரு வெளுப்பு.
இவ்வளவு இடத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டு
எதை அழிக்கலாம் என்று
விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரே மழை நாலு குரூப்பில்
நாலு தடவை பெய்திருந்தது.
மச்சினிச்சி வளைகாப்பில்
நான் கண்ணை மூடியிருக்கும் பதினோரு படம்.
அழித்தேன். பத்தவில்லை.
வேலைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
படம் ஏறாவிட்டால் கம்பெனி கணக்கில்
நான் ஏணியே ஏறவில்லை.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பீர் கடை.
நூத்தி இருபத்தெட்டு ஜிபி,
சுண்டுவிரல் நகம்தான் இருக்கும்.
ஊசியால் ஒரு குத்துக் குத்தித் தட்டை இழுத்தவன்
"அண்ணே, இதுல ரெண்டே குழி.
முதக் குழி சிம்முக்கு. அடுத்ததுல
சிம்மா கார்டான்னு நீங்கதான் சொல்லணும்.
ரெண்டையும் ஒண்ணா வாங்காது" என்றான்.

ரெண்டாவது சிம் ஆஃபரில் வாங்கியது.
மூணாம் நாளே அடித்தது:
"சொரிமுத்து அண்ணாச்சி, ஒரு லோடு அனுப்பும்."
நான் சொரிமுத்து இல்லை.
எனக்கு முன்னால் அந்த நம்பரில் குடியிருந்தவர்
தண்ணி லாரி ஓட்டியிருக்கிறார்.
என்ன ஆனார், தெரியாது.
ராதாபுரம் ரோட்டில் மதகுச் சுவர் தோறும்
நீலப் பெயிண்டில் அந்தப் பத்து எண்
இன்னும் காயாத மாதிரி நிற்கிறது.

முதலில் ராங் நம்பர் என்றேன்.
அப்புறம், ராங் நம்பர்தான்,
இன்ன நம்பருக்குப் போடுங்கள் என்றேன்.
அதற்கும் அப்புறம்
எந்தத் தெரு, தொட்டியா டிரம்மா என்று நானே கேட்டு
காவல்கிணறு செல்லக்கனிக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.
கமிஷன் எவ்வளவு வே என்றார் அவர்.
ஒன்றுமில்லை என்றதை இன்று வரை நம்பவில்லை.

மூன்று கோடை.
யார் வீட்டில் சடங்கு, யார் வீட்டில் கான்கிரீட்,
கட்டுபடியாகாது என்று தெரிந்தே
முருங்கைக்கு விலைத்தண்ணி ஊற்றுவது யார்,
எல்லாம் தெரியும்.
ஒரு முகம் தெரியாது.

பீர் ஊசியோடு நின்றான்.
பின்னால் டெம்பர் கிளாஸ் மாற்ற ரெண்டு பேர்.
"கார்டே போடு" என்றேன்.
சிம்மை ஏடிஎம் சீட்டில் மடித்துப் பர்சில் வைத்தேன்.

படங்கள் புது வீட்டுக்குக் குடிபோயின.
பதினேழு கோபுரம், ஒவ்வொரு போல்ட்டும்
தேதியோடு ஏறிற்று.
சூப்பர்வைசர் கட்டைவிரல் அனுப்பினார்.
அது ஏப்ரல். கணவாய் வாய் திறக்கவில்லை.
எங்கு பார்த்தாலும் இறக்கைகள்
மணி நின்ற கடிகாரம் போல.
போனும் அடிக்கவில்லை.
மேலே உட்கார்ந்து ரெண்டு தடவை
எடுத்து எடுத்துப் பார்த்தேன்,
சார்ஜ் இருக்கிறதா என்று.

ஆறாம் நாள் ராத்திரி
பனியன் ஊக்கை நிமிர்த்திக் குத்தினேன்.
கார்டை முறைப்படி கழற்றவில்லை என்று
போன் மிரட்டியது.
படமெல்லாம் சாம்பல் கட்டங்கள்.
சிக்னல் ஒரு கோடு, ரெண்டு கோடு.
பல் தேய்த்து வருவதற்குள்:

"எத்தன நாளாப் போடுதேன் அண்ணாச்சி,
சுவிச்சாஃப் சுவிச்சாஃப்ங்கா.
செத்துகித்துப் போயிட்டியளோன்னு
ஒரு நிமிசம் பயந்துட்டேன்."
லெவிஞ்சிபுரம் ரூபாவதி.
முருங்கைக்காரி.

"இடமில்லாமப் போச்சும்மா."

"வீடு மாத்துனியளோ?
இப்பம் கெடச்சிட்டா?"

சாம்பல் கட்டங்களைப் பார்த்தேன்.
கார்டு உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொட்டியா, டிரம்மா?" என்றேன்.